ஆளுக்குப் பாதி

4 மார்ச்

அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். ஒன்பது வருடம் கழித்து வரும் கடிதம். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இந்த நீலத் தாளைக் கிழித்தால் வேறு தாள் தரமாட்டார்கள்.

அம்மாவைப் பிப்ரவரி பத்தாம் தேதியிலிருந்து காத்திருப்பு இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். உனக்கும் நோட்டீஸ் வந்திருக்கும். அதை எழுதுகிறவர் அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர்தான்; அவர் எழுதுவது அவருக்கே புரியாது. அதனால் நான் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருடம் ஞாபக அலுவலகத்தின் குலுக்கலில் நம் வீட்டுக்கு விழுந்தது அந்த நாள். மாடி வீட்டுத் தையல்காரரையும் அவர் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போன நாள். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களின் ஞாபகத்தை அலுவலகம் ஏற்பதில்லை. அப்பாவும் இல்லை. எனவே நீ ஒரு படிவம், நான் ஒரு படிவம். இரண்டும் ஒத்துப்போனால் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். ஏப்ரல் முப்பதுக்குள் ஒத்துப்போகாவிட்டால் வடக்குக் கட்டடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போனவர்களிடமிருந்து ஒரு வரி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

படிவம் எழுதுமுன் நாம் ஒத்துப் பேசிக்கொள்ள ஆளுக்கு நான்கு நீலத் தாள் உண்டு. போன் கூடாது, நேரில் பார்க்கக் கூடாது. பயப்படாதே, இந்தத் தாள்களை யாரும் படிப்பதில்லை. எண்ணி அடுக்குவதோடு சரி. எழுதியது உண்மையா பொய்யா என்பதும் எங்களுக்கு வேண்டாம். இரண்டு படிவமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவற்றை அருகருகே வைத்து, வேறுபடும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவதுதான் என் உத்தியோகம். நம் வீட்டுப் படிவம் என் மேஜைக்கு வராது.

இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்: “அன்று மதியம் நாங்கள் மூவரும் வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். படியில் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.”

மூன்றே வரி. அப்படியே பார்த்து எழுதிவிடு. மற்றதை அம்மா வந்த பிறகு பேசிக்கொள்ளலாம், அல்லது பேசாமலே இருந்துவிடலாம். நமக்குத்தான் அது நன்றாக வருமே.

தம்பி

---

11 மார்ச்

தம்பிக்கு,

நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன் என்பது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. வார்டிலிருந்து வரும் விரிப்புகளை உதறிப் பிரித்துப் போடுவது என் வேலை. சாப்பிடுகிற நேரத்தில் நீ இதைப் படித்தாலும் படிப்பாய் என்பதால், அவற்றில் என்னென்ன இருக்கும் என்று எழுதவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட எனக்குக் குமட்டியதில்லை. உன் மூன்று வரியைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினேன்.

“எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.” என்ன ஒரு சுத்தம்! நாங்கள்கூட இவ்வளவு வெள்ளையாக வெளுப்பதில்லை.

மாடி வீட்டுக்காரர்கள் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்பது அந்தக் கட்டடத்தில் மூன்று மாடிக்கும் தெரியும். தையல்காரர் அந்த வருடப் படிவத்தை எழுதமாட்டேன் என்றார். “என் ஞாபகத்த நான் யாருக்கும் அளவு எடுத்துக் குடுக்க மாட்டேன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்புறம் மூன்று பேரும் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒன்பது நாள் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் நாள் ஆட்கள் வந்தார்கள். நேராக மேலே போனார்கள். நேராக, தம்பி. தேடவே இல்லை.

நம் வீட்டில்தான் யாரோ சொன்னார்கள் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுச் சாவி நம் கையில். ஒற்றை அறையிலிருந்து இரண்டு ஜன்னல் வீட்டுக்குப் போனோம். அவர்கள் படுத்த மெத்தையில் அவர் உடம்பு அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. அதில் என்னைப் படுக்க வைத்தார்கள். அந்தப் பெண்ணின் மஞ்சள் கவுனை ஓரம் பிரித்து நீட்டி எனக்குப் போட்டுவிட்டாள் அம்மா. அக்குளில் அவள் வியர்வை நாற்றம் இருந்தது. எத்தனை முறை துவைத்தும் எனக்கு மட்டும் அது போகவில்லை. அலமாரியில் பாதி ஜாம் பாட்டில், உள்ளே ஸ்பூன். அந்த ஸ்பூனாலேயே தின்றோம்.

நான் எழுதப்போவது இது: “அன்று நல்ல மழை. ஜன்னலைச் சாத்தியிருந்தோம். எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் வெளியே போய் அவர்கள் இருக்கும் இடத்தைச் சொன்னார்.”

யார் என்று எழுதமாட்டேன், பயப்படாதே. யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருபத்தாறு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அது. அதற்குமேல் பூசி மெழுக என்னால் ஆகாது.

அக்கா

---

17 மார்ச்

அக்காவுக்கு,

முதலில் அந்த மழையை எடுத்துவிடு. வெளியே யாரிடமும் சொல்லிவிடாதே, அலுவலகத்தில் நாங்கள் அதைப் ‘படிவ மழை’ என்போம். பத்துப் படிவத்தில் எட்டில் மழை பெய்யும். மழை என்றால் ஜன்னல் சாத்தியிருக்கும். ஜன்னல் சாத்தியிருந்தால் எதுவும் கேட்டிருக்காது. பக்கத்து வீட்டுக் கதவை உடைக்கும்போது ஊரே நனைந்துகொண்டிருந்ததாம்! வானிலைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த மதியத்துக்கு முன்னும் பின்னும் நாற்பது நாளுக்கு ஒரு துளி கிடையாது. மழையென்று நீயும் எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை.

மற்றதற்கு வருகிறேன். ஆமாம், எனக்குத் தெரியும். நானும் ஒரு நாளும் உன்னைக் கேட்டதில்லை. உனக்கு அப்போது பதின்மூன்று வயது, பயந்திருப்பாய். சின்ன வயதிலேயே நான் உன்னை மன்னித்துவிட்டேன், அக்கா. இப்போது நீயே “எங்கள் வீட்டிலிருந்து ஒருவர்” என்று எழுதவந்திருப்பது பெரிய காரியம்தான். ஆனால் அம்மா வெளியே வர அது தேவையில்லை. உன் மனச்சுமையை இறக்க அரசாங்கப் படிவம் இடமில்லை. மூன்று வரியையே எழுது.

தம்பி

---

20 மார்ச்

என்னையா? என்னையா நீ மன்னித்தாய்?

இன்னொரு முறை படித்தேன். மூன்றாம் முறையும் படித்தேன். பக்கத்தில் இஸ்திரி போடுகிற அம்மாள், “என்னம்மா, யாராச்சும் செத்துட்டாங்களா?” என்று கேட்டாள்.

டேய், சொன்னவன் நீ. ஒன்பது வயதில். ஆட்கள் மிட்டாய் கொடுத்துக் கேட்டதும் சொல்லிவிட்டாய். அன்று சாயங்காலம் அம்மா என்னை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: “தம்பி தெரியாம சொல்லிட்டான். சின்னப் பய. நீ எதுவும் கேட்டுடாத. கேட்டா அவன் உசுர விட்டுடுவான்.” அதனால்தான் கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நீ உன் பங்கு ஜாமை என் தட்டில் தள்ளிவிடுவாய். குற்ற உணர்ச்சி உறுத்துகிறது, உறுத்தட்டும் என்று தின்றேன்.

இவன் மன்னித்தானாம். யார் சொல்லிக்கொடுத்தார்கள் உனக்கு இதை? உங்கள் அலுவலகத்தில் இதற்கும் ஒரு பெயர் இருக்கும்.

எனக்கு இன்னும் இரண்டு தாள்தான் இருக்கிறது. நாலு வரி எழுத வாய்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். வரவில்லை.

---

26 மார்ச்

அக்கா,

மிட்டாய் எதுவும் யாரும் தரவில்லை. இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் அலுவலகத்தில் யாருடைய படிவத்திலும் ஒரு கோடும் போடவில்லை. மேலாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாருக்கும் திடீர்னு ஞாபகசக்தி கூடிடுச்சா?” என்றார்.

அதே சாயங்காலம் என்னை அம்மா படிக்கட்டின் அடியில் உட்கார வைத்தாள். என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “அக்காதான் சொல்லிட்டா. பயந்து போய் சொல்லிட்டா. பாவம்டா அவ. நீ கேட்டு அவள அழவைக்காத. நீ ஆம்பளப் புள்ள, பொறுத்துக்க.” நான் பொறுத்துக்கொண்டேன். உன்மேல் பாவப்பட்டு ஜாம் கொடுத்தேன் என்றா நினைக்கிறாய்? இல்லை. மூன்று பேரைக் காட்டிக்கொடுத்தவள் என்னையும் ஒருநாள் கொடுத்துவிடுவாளோ என்ற பயத்தில் கொடுத்தேன். பெரியவனான பிறகுதான் அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

இந்த வேலை கிடைத்ததைச் சொல்ல உன் வீட்டுக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? வாசலில் நின்றுகொண்டே, “உனக்குப் பழகின வேலைதானே” என்றாய். எனக்குப் புரியவில்லை. “உன்ன மன்னிச்சவன்கிட்டயே இப்படிப் பேசறியா” என்று நான் கேட்டேன். உனக்கும் அது புரிந்திருக்காது. இரண்டு பேரும் அவரவர் மனதில் பெரிய மனிதர்களாக நின்றுகொண்டு ஒன்பது வருடத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டோம்.

அப்படியென்றால் யார் சொன்னது, அக்கா? வீட்டில் இருந்தது மூன்று பேர்.

காத்திருப்பு இல்லத்தில் மாதம் ஒருமுறை பெண்பிள்ளைகளை மட்டும் பார்க்க உள்ளே விடுவார்கள். எனக்கு அனுமதி கிடையாது. நீ போய்க் கேள்.

தம்பி

---

5 ஏப்ரல்

டேய் சுண்டெலி,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எத்தனை வருடமாயிற்று என்று எண்ணவில்லை. வாயில் வந்துவிட்டது, இருக்கட்டும்.

போனேன். நீளமான கூடம், திருகாணி போட்டுத் தரையோடு இறுக்கிய நாற்காலிகள். கிருமிநாசினி நெடி. எங்கள் ஆஸ்பத்திரியிலும் அதே சரக்குதான், ஆனால் இங்கே அடியில் வேறு ஏதோ நாறியது. அம்மா சதை போட்டிருக்கிறாள். தலைகாணி மெத்தென்று இருக்கிறதாம், இரண்டு வேளை டீ தருகிறார்களாம். பக்கத்துக் கட்டில்காரி குறட்டை விடுவதுதான் குறையாம். அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் அந்தக் குறட்டையிலேயே போய்விட்டது.

அப்புறம் கேட்டேன். தம்பிகிட்ட என்ன சொன்ன, என்கிட்ட என்ன சொன்ன என்று. அவள் திடுக்கிடவில்லை. ‘உப்பு எங்கே வைத்தாய்’ என்று கேட்டால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

“இப்ப எதுக்கு அது?” என்றாள்.

“சொன்னது நீதானே?”

“யார் மேலயாச்சும் இருக்கணும்ல?” என்றாள். “நானே வச்சிருந்தா எப்படி எந்திரிச்சு அடுப்பப் பத்த வைக்கிறது? உங்களுக்கு யாரு பொங்கிப் போடறது? ஒரு புள்ள மேலயே முழுசாப் போட்டா அது தாங்காது. ஆளுக்குப் பாதின்னா பெரிசாத் தெரியாதுன்னு நெனச்சேன்.”

அவளே தொடர்ந்தாள்.

“அதுவுமில்லாம, ஒருத்தர ஒருத்தர் மன்னிச்சுட்டு ஒத்துமையா இருப்பீங்கன்னு பாத்தேன். நீங்கதான் இப்படி முறுக்கிக்கிட்டீங்க.”

இதைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் பார், அதற்கே எனக்குப் பதக்கம் தர வேண்டும். நாம் ஒற்றுமையாக இல்லாதது நம் குற்றமாம்.

எழுந்தபோது என் கையைப் பிடித்தாள். “சத்தியமாச் சொல்றேன், நான் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்லடி. நீங்க சொன்னதாத்தான் இருக்கு. சில சமயம் உன் குரல்ல கேக்குது, சில சமயம் அவன் குரல்ல. என் குரல்ல கேட்டதே இல்ல.” அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

வெளியே வந்து சாக்கடை ஓரம் நின்று வாந்தி எடுத்தேன். மூன்று நாளாக அந்தக் கையைச் சலவைச் சோடாவால் தேய்க்கிறேன். தோல் உரிந்துவிட்டது.

அக்கா

---

12 ஏப்ரல்

அக்கா,

உன் கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கூடத்தின் நெடி அடிப்பதுபோல் இருக்கிறது.

இத்தனை வருடமாக மற்றவர்கள் படிவத்தைப் படித்துச் சிரித்திருக்கிறேன். அண்ணனைப் பிடித்துக் கொடுத்த ஒருவர், அந்த வீட்டுத் தரையில் பதித்திருந்த கற்களின் நிறத்தை நான்கு பக்கம் வர்ணித்திருந்தார். அண்ணன் ஒரு வரியிலும் இல்லை. ஒரு அம்மாள் தான் காட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றி, “அவள் என்னைக் காட்டிக்கொடுத்தாலும் கொடுத்திருப்பாள், அப்படிப்பட்ட பார்வை” என்று எழுதியிருந்தார். இவர்களையெல்லாம் பக்கத்து மேஜைக்காரரிடம் படித்துக் காட்டுவேன். இருவரும் டீ குடித்துக்கொண்டே சிரிப்போம். நம் வீட்டிலும் ஒரு படிவம் உள்ளுக்குள்ளேயே நிரப்பி வைத்திருந்ததை நான் பார்க்கவில்லை. இப்போது அந்த டீயெல்லாம் எதுக்களித்து வருகிறது.

ஆனாலும் கேள். நாள் நெருங்குகிறது. அவள் செய்தது அருவருப்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக வடக்குக் கட்டடத்துக்கு அனுப்ப முடியுமா? ஒருவரை ஓரிடத்துக்கு அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும் வேலையை நம் வீட்டில் இன்னொரு முறை செய்ய வேண்டாம். மூன்று வரியை எழுதிவிடு. இது கெஞ்சல்தான்.

எனக்கு அந்த மதியத்தில் எதுவும் ஞாபகமில்லை. அம்மா பிறகு சொன்னது மட்டும்தான் இருக்கிறது. இல்லாத ஞாபகத்துக்கு மூன்று வரி தாராளம். இது என் கடைசித் தாள்.

தம்பி

---

19 ஏப்ரல்

சுண்டெலி,

இது எனக்கும் கடைசித் தாள். ஒரு விஷயம் இருக்கிறது, அதை உனக்கு மட்டுமல்ல, எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை. உன் மழைக் கடிதம் வந்த நாளிலிருந்து அது என்னைத் தூங்கவிடவில்லை. மழை இல்லையென்றால் ஜன்னல் திறந்திருந்தது. அந்த நேரத்தில் நான் ஜன்னல் பக்கமே இல்லை என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. படியில் இருந்தேன்.

தொட்டிக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்பது நாளும் சாப்பாடு கொடுத்தது நம் அம்மா. கொண்டுபோனது நான். அந்தப் பத்தாம் நாளும் கொடுத்துவிட்டு, காலிப் பாத்திரத்தோடு இறங்கி வந்துகொண்டிருந்தேன். நம் கதவருகே நான்கு ஆட்கள். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள், உன் கையைப் பிடித்துக்கொண்டு. அவர்கள் அவளிடம் சும்மா, எல்லா வீட்டிலும் கேட்பதுபோல், “மேல யாராச்சும் இருக்காங்களா?” என்றார்கள். அவள் நிமிர்ந்தாள். அவர்கள் தலைக்கு மேலே, படியில் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: “தண்ணித் தொட்டிக்குப் பின்னால.” நிதானமாகச் சொன்னாள். அவர்கள் என்னைத் தள்ளிவிட்டு மேலே ஓடினார்கள். பாத்திரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை.

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாளா? அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் நாள் அந்த வீட்டின் இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டு, “என்ன காத்து, என்ன காத்து!” என்று சொன்னாளே, அதையும் நான் பார்த்தேன். இரண்டும் ஒரே பெண் என்று ஒத்துக்கொள்ள எனக்குப் பதின்மூன்று வயதில் தெம்பில்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு போன அன்று சாயங்காலமே அவள் வந்து, சொன்னது தம்பி என்றதும் அப்பாடா என்று பிடித்துக்கொண்டேன். கண்ணால் பார்த்ததை அவள் வாயால் கேட்டதுக்கு விற்றுவிட்டேன். உன்னை வெறுப்பது எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? நீ சின்னவன், எனக்குச் சாப்பாடு போடுகிறவன் இல்லை.

என் படிவத்தில் நடந்ததை எழுதப்போகிறேன். மூன்று வரியை என்னால் எழுத முடியாது. கை வரவில்லை என்பதல்ல, அதைப் பார்த்தாலே அழுக்குத் துணியை வாயில் திணித்த மாதிரி இருக்கிறது. ஒத்துப்போகாமல் அம்மா வடக்கே போனால் அது என்னால்தான். அதில் உனக்குப் பங்கு கிடையாது. முழுதும் நானே வைத்துக்கொள்கிறேன்.

நீ உன் மூன்று வரியை எழுதிக்கொள். கோபமில்லை.

அக்கா

---

2 மே

அக்கா,

வெள்ளைத் தாளைப் பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கும். ஒத்துப்போய்விட்டது. இனி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம்.

இருபத்தொன்பதாம் தேதி மதியம் படிவத்தை எடுத்து வைத்தேன். மூன்று வரியும் மனப்பாடம். “அன்று மதியம் நாங்கள்” என்று எழுதிவிட்டு என் இடது கையைப் பார்த்தேன். ஈரம். வியர்வைதான். ஆனால் எனக்கு அது சோப்பு நுரை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கதவு தட்டும் சத்தம் கேட்டு அப்படியே வந்திருந்தாள். அந்த வழவழப்பான கையால் என் கையைப் பிடித்திருந்தாள். சொல்லும்போது என் விரல்களை ஒருமுறை இறுக்கினாள். வலித்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்த்த இடத்தைப் பார்த்தேன். நீ நின்றுகொண்டிருந்தாய்.

எனக்கு எதுவும் ஞாபகமில்லை என்று உனக்கு எழுதினேன். பொய்யில்லை, அப்போது இல்லைதான். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஞாபகம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறேனோ என்றும் பயமாக இருந்தது. இந்த உத்தியோகத்தில் அதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் உன் கடிதத்தில் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. பாத்திரத்தின் மூடி உன் கையிலிருந்து நழுவி, படியில் உருண்டு, முன்னால் நின்றவரின் பூட்ஸில் முட்டி நின்றது. அவர் குனிந்து எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா “ரொம்ப நன்றி” என்றாள். அதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முந்தாநாள் மேலாளர் என் மேஜைக்கு வந்து கையைக் குலுக்கினார். “இத்தன வருஷத்துல இவ்வளவு சுத்தமாப் பொருந்தி நான் பாத்ததில்லப்பா. மூடி வரைக்கும் பொருந்துது! நன்றின்னு சொன்னது வரைக்கும் பொருந்துது! ரெண்டு பேரும் நல்லா உக்காந்து ஜோடிச்சிருக்கீங்க” என்றார். நாலு மேஜைக்காரர்கள் கைதட்டினார்கள். உண்மையைப் பார்த்து அவர்களுக்குப் பழக்கமில்லை, அக்கா. அவர்கள் கைதட்டியபோது நானும் பல்லைக் காட்டினேன். அப்படியே நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம்போல் இருந்தது.

இன்னும் இருக்கிறது. அம்மா சொன்னது இப்போது பதிவேட்டில் ஏறிவிட்டது அல்லவா? தானாக முன்வந்து தகவல் தந்த குடிமகள் என்று அவளுக்கு மரியாதையோடு விடுதலை. ‘விழிப்புள்ள வீடு’ என்று பித்தளைத் தகடு ஒன்றும் தருவார்கள், வாசல் கதவில் அடிக்க வேண்டும். விதிப்படி மூத்த பிள்ளையின் முகவரிக்குத்தான் அனுப்புவார்கள். பத்தாம் தேதி உன் வீட்டு வாசலில் வண்டி வந்து நிற்கும்.

உண்மையை எழுதினால் அவளை இழப்போம் என்று நீ நினைத்தாய். உன் கடிதத்தில் இல்லாத மூடியைச் சேர்த்தால் பொருந்தாமல் போகலாம் என்று தெரிந்தே, உனக்குத் துணையாக நானும் இழக்கத் தயாராகி எழுதினேன். இப்படி ஆகும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை.

உன் சுண்டெலி

---

16 மே

சுண்டெலி,

வந்துவிட்டாள். ஆறு நாளாயிற்று.

வண்டியிலிருந்து இறங்கியதும் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். “ஜன்னல் ஒண்ணுதானா?” என்றாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். தகட்டைத் துணியால் துடைத்துத் துடைத்து மேஜைமேல் வைத்திருக்கிறாள். “ஆணி இருக்காடி?” என்று தினமும் ஒருமுறை கேட்கிறாள். கதவில் அடிக்காவிட்டால் ஆள் வந்து கேட்பார்கள் என்பது எனக்கும் தெரியும். நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரம்மாள் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனாள். அதிலிருந்து எனக்கு வணக்கம் பலமாக இருக்கிறது. அவள் வீட்டுக் கதவு முன்பெல்லாம் திறந்தே கிடக்கும், இப்போது நான் படியேறும் சத்தம் கேட்டால் சாத்திக்கொள்கிறாள்.

அம்மாவிடம் படிவத்தில் என்ன எழுதினோம் என்று சொன்னேன். வரிக்கு வரி சொன்னேன். மூடி உருண்டதையும் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். “நன்றின்னு சொன்னேனா?” என்றாள். “மூடிய எடுத்துக் குடுத்தாருல்ல, சொல்லித்தானே ஆகணும்.” கொஞ்ச நேரம் கழித்து, “எப்படியோ ரெண்டு பேரும் சேந்துட்டீங்க, எனக்கு அது போதும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். நல்ல தூக்கம், வாய் திறந்து.

நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வாயைப் பார்த்தேன். எனக்கு என்னென்னவோ தோன்றியது, எழுதமாட்டேன். மேஜைமேல் தலைகாணி ஒன்று அதிகப்படியாகக் கிடந்தது. அதை எடுத்து அவள் கழுத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். பற்ற வைக்கும்போதுதான் நினைத்தேன், அவள் கேட்டாளே, அதை வைத்துக்கொண்டு எப்படி எந்திரிச்சு அடுப்பப் பத்த வைக்கிறது என்று. இப்படித்தான் போலிருக்கிறது.

காலையில் அவளுக்குத் தலை வாரிவிடுகிறேன். வெந்நீர் வைத்து உடம்பு துடைத்துவிடுகிறேன். ஆஸ்பத்திரி விரிப்பில் வராத குமட்டல் அவள் முதுகைத் துடைக்கும்போது வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு துடைக்கிறேன். முழங்கை மடிப்பில் நமக்குச் சமைத்துச் சமைத்துப் பட்ட சூட்டுத் தழும்புகள் இருக்கின்றன. அந்த இடம் வரும்போது கை தானாக மெதுவாகிவிடுகிறது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இருபத்தாறு வருடம் உன்னை வெறுத்தேன். நீ தூரத்தில் இருந்தாய், சுலபமாக இருந்தது. இவளோ பக்கத்தில் இருக்கிறாள், பசிக்கிறது என்கிறாள், ஊட்டினால் சாப்பிடுகிறாள். அவளை வெறுக்க எனக்கு ஒருத்திக்குத் தெம்பு போதவில்லை, தம்பி. வெறுக்காமல் இருக்கவும் முடியவில்லை.

லீவு போட்டுவிட்டு வா.

அக்கா